கடுதாசி

பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு இறங்கும் பஸ்ஸில் அப்பா சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே தோட்டத் தலைவர் அலைந்து வாங்கித் தந்த சிபாரிசுக் கடுதாசி. பனியில் சீல் மை கலைந்துவிடக் கூடாதென்று அம்மா அதை சொப்பிங் பையில் சுற்றியிருந்தார். அக்காவை டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்க்க வேண்டும். 'இடம் முடிஞ்சிருச்சு' என்றார்கள். எங்களுக்குப் பின்னால் காரில் வந்தவருக்கு மட்டும் இடம் இருந்தது.

'நம்ம கடுதாசிக்கு மேல ஒரு கடுதாசி' என்றார் அப்பா. கோபம்கூட இல்லை அவர் குரலில்.

அதனால்தானோ என்னவோ, 2018 ஜனவரியில் பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபர் பவானியின் செய்தி வந்தபோது என் மனம் வேறெங்கோ ஓடியது. ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்க கடிதம் கொடுத்தனுப்பிய பிள்ளையைச் சேர்க்க மறுத்ததற்காக, அவரை முதலமைச்சரின் வாசஸ்தலத்துக்கு அழைத்து மண்டியிட வைத்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று முதலில் சொன்ன பவானி, பிறகு நடந்ததை வெளியே சொன்னார். பதுளை கொதித்தது. முதலமைச்சர் மாகாணக் கல்வி அமைச்சை மட்டும் விட்டார். கைதாகி, பிணையில் வந்தார். 2020இல் பாராளுமன்றத்துக்கும் போனார்.

எல்லாரும் மண்டியிட்டதையே பேசினார்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடிதம்? பெரிய இடத்துக் கடுதாசியை ஓர் அதிபர் திருப்பி அனுப்பினார் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. அன்றைக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் அக்கா டவுனில் படித்திருப்பாள்.

2024 செப்டம்பரில் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை வினாக்கள் முன்கூட்டியே வெளியானபோதும் அப்பாவின் சட்டைப் பைதான் கண்ணில் நின்றது. கசிந்த வினாவும் கடுதாசி மாதிரித்தான், கிடைக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கப்பட்டது. லயத்துக் காம்பராவில் விடிய விடியப் படித்த பிள்ளைக்கும் அதே புள்ளி. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவுக்கு இல்லாத ஒன்று இப்போது நம் கையில் இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிள்ளைக்கு இடமில்லை என்றால், யாருக்கு எந்த அடிப்படையில் இடம் கொடுத்தீர்கள் என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.