பத்திரத்துல எழுதின விலை

அஞ்சாவது செம் ஓப்பன் எலெக்டிவ் லிஸ்ட் வந்த அன்னைக்கு எங்க சிவில் கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் பைதான் பக்கம் ஓடினாங்க. நாலு நிமிஷத்துல சீட் காலி. ஹாஸ்டல் வைஃபை புண்ணியத்துல நான் உள்ளே போறதுக்குள்ள மிச்சம் இருந்தது ஒரே ஒரு பேப்பர்: நிலம் மற்றும் சுற்றுச்சூழல் பொருளாதாரம். செவ்வாய்க்கிழமை, மதியம் சாப்பாடு முடிஞ்ச உடனே முதல் பீரியட். அதுவும் மெஸ்ல சாம்பார் சாதம் போடுற நாள். என் நிலைமை உங்களுக்கே புரியும்.

முதல் கிளாஸ்ல மேடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர்ல ஒரு சென்ட் என்ன விலை?"

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான், "எந்த விலை மேடம்? பத்திர விலையா, வெளி விலையா?"

கிளாஸே சிரிச்சுது. மேடம் சிரிக்கலை. போர்டுல ரெண்டு காலம் போட்டு, "ரெண்டும் சொல்லுங்க" என்றார். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஊர் விலையைச் சொன்னோம். ரெண்டு காலமும் ஒத்துப்போன ஊர் ஒண்ணுகூட இல்லை. எங்க ஊர், விழுப்புரம் மாவட்டத்துல ஒரு சின்ன கிராமம். வெளி விலை சென்ட் 20,000. பத்திரத்துல எழுதுறது அரசாங்க வழிகாட்டி மதிப்பு, 6,000.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல 'லேண்ட் எகானமி'ன்னு தனியா ஒரு இளங்கலைப் படிப்பே இருக்குன்னு மேடம் சொன்னார். சட்டம், பொருளாதாரம், சுற்றுச்சூழல் மூணையும் சேர்த்துப் படிப்பாங்களாம். நமக்கு அது மூணு கிரெடிட் எலெக்டிவ். ஆனா அந்த மூணு கிரெடிட் என்னை எங்க வீட்டு பீரோ வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

நாம எஞ்சினியர்ஸ். எஸ்டிமேட் போடுறப்போ சிமென்ட் இத்தனை மூட்டை, கம்பி இத்தனை டன், கூலி இவ்வளவுன்னு கூட்டித்தான் விலைக்கு வருவோம். நிலத்துக்கு அப்படி ஒரு உற்பத்திச் செலவே கிடையாது. ரிக்கார்டோ 1817-லயே இதைத் தலைகீழாப் பார்த்தார்: நிலத்துக்கு வாடகை அதிகம்ங்கிறதால தானியம் விலை ஏறலை, தானியம் விலை ஏறுறதாலதான் நில வாடகை ஏறுது. அப்போ ஒரு துண்டு நிலத்தோட விலை எங்கேதான் இருக்கு? பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போச்சுங்கிற தகவல்லதான் பாதிக்கு மேல இருக்கு. இதை நோட்ல எழுதிட்டு மறந்துட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு அப்பா போன் பண்ணினார். "பைபாஸ் ரோடு நம்ம கொல்லிமேல வருதும்மா. 25 சென்ட் போகுது. நீதான் ஏதோ நிலத்தைப் பத்திப் படிக்கிறேன்னியே, எவ்வளவு வரும்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

அப்பா என்கிட்ட படிப்பு சம்பந்தமா ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை முழுக்க லேப்டாப்போட உட்கார்ந்தேன்.

நிலம் எடுப்புக்கான 2013-ஆம் வருஷச் சட்டம் ஒரு ஃபார்முலா வச்சிருக்கு. வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சுத்துவட்டாரத்துல முந்தின 3 வருஷத்துல பதிவான கிரயப் பத்திரங்களை எடுத்து, அதுல விலை அதிகமா இருக்கிற பாதியோட சராசரி. ரெண்டுல எது பெருசோ அது சந்தை மதிப்பு. கிராமப்புறம்னா அதை 1-லிருந்து 2 வரைக்கும் ஒரு எண்ணால பெருக்கணும், அந்த எண்ணை மாநில அரசு முடிவு பண்ணும். வர்ற தொகைக்குச் சமமா இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. மரம், கிணறு, கட்டடம் எல்லாம் தனிக் கணக்கு. கணக்குக்காக அந்த எண்ணை 1.25-னு வச்சுக்கிட்டேன்.

வெளி விலை 20,000-ன்னு போட்டா: 20,000 × 1.25 × 2 = சென்ட்டுக்கு 50,000. 25 சென்ட்டுக்கு 12,50,000. அப்பாவுக்கு உடனே போன் பண்ணலாம்னு கை போச்சு. ஆனா ஃபார்முலா வெளி விலையைக் கேட்கலையே, பத்திரத்தைத்தானே கேட்குது?

பதிவுத்துறை வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டா வில்லங்கம் இலவசமாப் பார்க்கலாம். எங்க சர்வே நம்பர், சுத்தி இருக்கிற நம்பர் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து எக்செல்ல போட்டேன். மூணு வருஷத்துல எட்டுப் பத்திரம். ஏழு பத்திரத்துல விலை சென்ட் 6,000. எட்டாவதுல மட்டும் 18,000.

அந்த ஏழுல ஒண்ணு எங்க அப்பாவோடது.

2021-ல பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட 40 சென்ட் வாங்கினோம். கொடுத்தது 8 லட்சம். பத்திரத்துல இருக்கிறது 2,40,000. அப்போ முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 4, ஆக மொத்தம் 11 சதவீதம். உள்ளதை எழுதியிருந்தா 88,000 கட்டணும், கட்டினது 26,400. அன்னைக்கு ராத்திரி அம்மா கேசரி கிண்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மிச்சமான 61,600-ல தான் என் முதல் வருஷ ஹாஸ்டல் ஃபீஸ்ல பெரும்பகுதி கட்டினாங்க. அதனால அப்பா பண்ணினது தப்புன்னு இங்கே உட்கார்ந்து தீர்ப்பு சொல்ற யோக்கியதை எனக்கு இல்லை.

எட்டாவது பத்திரம் எங்க ஊர் கணக்கு வாத்தியாரோடது. பேங்க் லோன் போட்டு வாங்கினார். லோனுக்கு விலையைக் காட்டணும்ங்கிறதால கிட்டத்தட்ட உள்ளதை எழுதிட்டார். "கணக்கு வாத்தியாருக்குக் கணக்குத் தெரியலை பாரு"ன்னு டீக்கடையில ஊரே சிரிச்சுது. அப்பாவும் சிரிச்சார். கூட நின்ன நானும்தான்.

இப்போ ஃபார்முலாவுல போடுங்க. எட்டுல மேல் பாதி நாலு பத்திரம். 18,000, 6,000, 6,000, 6,000. சராசரி 9,000. பெருக்கினா சென்ட்டுக்கு 22,500. எங்க 25 சென்ட்டுக்கு 5,62,500. வாத்தியாரும் எல்லாரையும் மாதிரி 6,000-ன்னு எழுதியிருந்தா 3,75,000 தான். எட்டுப் பேரும் உள்ளதை எழுதியிருந்தா 12,50,000. அதாவது அன்னைக்கு 61,600 மிச்சம் பிடிச்சோம், இன்னைக்கு 6,87,500 போச்சு. அதுவும் எங்க வீட்டுக்கு மட்டும். பத்திரமே போடாத பெரியப்பாவுக்கும் போச்சு, எங்க ஏழு பேரால.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேடம் நடத்தினது ஹார்டின், 1968. பொது மேய்ச்சல் நிலத்துல ஒவ்வொருத்தரும் ஒரு மாடு கூட விட்டா அவங்கவங்களுக்கு லாபம், எல்லாரும் விட்டா புல்லே மிஞ்சாது. பாதி கிளாஸ் தூக்கத்துல. எனக்கு மட்டும் தூக்கம் வரலை. எங்க ஊர்ல மேய்ச்சல் நிலம் இல்லை, ஆனா பொதுவா ஒண்ணு இருந்துச்சு: நிலத்தோட உண்மையான விலை என்னங்கிற பதிவு. ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா அதை மேய்ஞ்சுட்டோம்.

அப்பாகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு மூணு நாள் யோசிச்சேன். ஊருக்குப் போய் நேர்லயே எக்செல் ஷீட்டைக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "நாம நெஜமா 20,000-க்கு வாங்கினோம்னு மனு குடுத்தா?"ன்னு கேட்டார்.

"குடுக்கலாம்பா. ஆனா கையில குடுத்த பணத்துக்குக் கணக்கு கேட்பாங்க. அன்னைக்குக் கட்டாத முத்திரைக் கட்டணத்தையும் கேட்பாங்க."

பத்திரம் பொய்னு நிரூபிக்கணும்னா பொய் சொன்னது நான்தான்னு முதல்ல கையெழுத்துப் போடணும். அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. உண்மையான சந்தை நிலவரத்தைக் காட்டலைன்னு கலெக்டர் நினைக்கிற விலையைக் கணக்குல இருந்து விட்டுடலாம்னு அதே சட்டப் பிரிவு சொல்லுது. எட்டுல ஏழு 6,000, ஒண்ணு மட்டும் 18,000. பார்க்கிறவங்க கண்ணுக்கு எது பொய்யாத் தெரியும்? உண்மையா எழுதின அந்த ஒண்ணுதான்.

அதே மாசம் எங்க அசைன்மென்ட், ஒரு இயற்கை வளத்துக்கு மதிப்புப் போடணும். நான் எங்க ஏரியை எடுத்தேன். பைபாஸ் அதோட வரத்துக்கால்வாயைக் குறுக்கே வெட்டிட்டுப் போகுது. அங்கே ஒரு பாக்ஸ் கல்வர்ட் வரும், வரைபடத்துல பார்த்தேன். ஆனா இழப்பீட்டுப் பட்டியல்ல தென்னைக்குக் காலம் இருக்கு, கிணத்துக்கு இருக்கு, ஏரிக்கு இல்லை. புறம்போக்குக்கு யார்கிட்ட இழப்பீடு கொடுக்கிறது?

சந்தையில விக்காத பொருளுக்கு விலை தெரியணும்னா ஜனங்ககிட்டயே கேட்கிற ஒரு முறை இருக்கு. 1989-ல அலாஸ்காவுல எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டின பிறகு இந்த முறையை நம்பலாமான்னு பெரிய சண்டை வந்து, கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோன்னு ரெண்டு நோபல்காரங்க தலைமையில குழு போட்டு 1993-ல அறிக்கை கொடுத்தாங்க. நான் முதல்ல போனது எங்க பாட்டிகிட்ட.

"ஏரி நல்லா இருக்கறதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு குடுப்ப ஆயா?"

"நான் எதுக்குடி குடுக்கணும்? அது என்ன அவன் அப்பன் வெட்டினதா?"

"சரி, ஏரியை மூடிட்டா எவ்வளவு வாங்கிப்ப?"

"உன்னை வித்தா எவ்வளவு வாங்கிக்கலாம்னு உங்கப்பனைப் போய்க் கேளு."

இப்படி வர்ற பதிலுக்கு 'எதிர்ப்புப் பதில்'னு பேராம். சராசரி போடுறப்போ வழக்கமா இதை எடுத்துடுவாங்கன்னு மேடம் சொன்னார். எடுத்துட்டேன். எடுத்த பிறகு ஷீட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். வாத்தியாரோட பத்திரம் மாதிரியே, கேட்டதுலயே உள்ளதைச் சொன்ன ஆளு ஆயாதான், கணக்குல இல்லாமப் போனதும் ஆயாதான். ரிப்போர்ட்ல அவங்க பதிலை அப்படியே தனியா ஒரு பக்கத்துல எழுதி வச்சேன். மார்க் எதுவும் குறையலை.

எலினோர் ஆஸ்ட்ரோம்னு ஒரு அம்மா. 2009-ல பொருளாதார நோபல் வாங்கின முதல் பெண். பொதுச் சொத்துன்னா அழிஞ்சுதான் போகும்னு சொல்றதை அவங்க ஒத்துக்கலை. சுவிஸ் மேய்ச்சல் மலை, ஸ்பெயின் வாய்க்கால், பிலிப்பைன்ஸ் பாசனச் சங்கம்னு தேடிப் பார்த்து, ஜனங்க தாங்களே விதி போட்டு, தாங்களே கண்காணிச்சுத் தலைமுறை தலைமுறையாக் காப்பாத்தின பொதுச் சொத்துகளைக் காட்டினாங்க. அதைப் படிச்ச ராத்திரிதான் அப்பாவுக்குத் திரும்பப் போன் பண்ணினேன். "நம்ம பத்திரத்தைப் பத்தி மனு வேண்டாம்பா. வாத்தியார் பத்திரத்தைத் தள்ளிடாதீங்கன்னு ஊர்க்காரங்க எல்லாரும் சேர்ந்து மனு குடுங்க. அவர்கிட்ட பேங்க் போட்ட மதிப்பு ரிப்போர்ட் இருக்கும்."

அப்பா வாத்தியார் வீட்டுக்குப் போனார். டீக்கடையில சிரிச்ச அதே மனுஷன், பத்திர ஜெராக்ஸ் கேட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தார். வாத்தியார் ஒரு வார்த்தையும் குத்தலாச் சொல்லலையாம். காபி கொடுத்து, ஜெராக்ஸும் பேங்க் ரிப்போர்ட்டும் எடுத்துக் கொடுத்தாராம். அப்பா அன்னைக்கு ராத்திரி சரியாச் சாப்பிடலைன்னு அம்மா சொன்னாங்க. மனுவுல இருபத்திரெண்டு கையெழுத்து. விசாரணை இன்னும் முடியலை.

போன வாரம் சித்தப்பா போன். ஏரிக்கரைப் பக்கம் 5 சென்ட் வாங்குறார். "கைடுலைனுக்கே எழுதிடலாம்ல?"ன்னு கேட்டார். இப்போ பதிவுக் கட்டணம் 2 சதவீதம்தான், 2023-ல குறைச்சுட்டாங்க. மொத்தம் 9. உள்ளதை எழுதினா கூட எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுச் சொன்னேன்: 6,300 ரூபாய். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "விக்கிறவரும் ஒத்துக்கணுமேம்மா... பாக்கலாம்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன். நானும் ஊருக்குப் போறேன். நீங்களும் ஒரு தடவை உங்க ஊர் சர்வே நம்பரைப் போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலைதான். அதுல உங்க வீட்டுப் பேர் இருந்தா, பக்கத்துல என்ன விலை எழுதியிருக்குன்னும் பாருங்க.