ஆற்றுக்கு இந்தக் கரை, அந்தக் கரை

டெலவேர் ஆறு ஈஸ்டன் நகரத்துக்கு வரும்போது அப்படியொன்றும் அகலமில்லை. நல்ல தொண்டை இருந்தால் எதிர்க்கரையில் நிற்பவரைக் கூப்பிட்டுவிடலாம். இந்தக் கரை பென்சில்வேனியா மாநிலம். அந்தக் கரையில் ஃபிலிப்ஸ்பர்க், நியூஜெர்ஸி மாநிலம். நடுவில் 1896ல் கட்டிய இரும்புப் பாலம். சுங்கம் வசூலிப்பதில்லை என்பதால் ஊர்க்காரர்கள் 'ஃப்ரீ பாலம்' என்கிறார்கள்.

2024 அக்டோபர் கடைசியில், ஜனாதிபதி தேர்தலுக்குச் சில நாள் முன்பு அங்கே போனேன். எடிசனில் இருக்கும் கம்ப்யூட்டர் நண்பர்தான், "எலெக்‌ஷன் பார்க்கணும்னா எங்க ஊர்ல ஒண்ணும் கிடையாது சார், ஆத்தைத் தாண்டணும்" என்று காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஈஸ்டனில் வீட்டுக்கு வீடு புல்தரையில் பெயர்ப் பலகை நட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் ட்ரம்ப், அடுத்த வீட்டில் கமலா ஹாரிஸ். நடுவில் வேலி மட்டும் பொது. காபி சாப்பிடப் போன இடத்தில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். பக்கத்து பெத்லஹேம் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே 1995ல் உலை அணைந்தது. 2001ல் கம்பெனியே திவால். இப்போது அந்த வளாகத்தின் ஒரு பகுதியில் சூதாட்ட விடுதி நடக்கிறது.

"இந்த வாரம் மட்டும் ஆறு பேர் கதவைத் தட்டிட்டாங்க. என் வயசு தெரியுது. எந்தெந்தத் தேர்தல்ல ஓட்டுப் போட்டேன்னு தெரியுது. என் பெண்டாட்டிக்குக்கூட இவ்வளவு ஞாபகம் இருக்காது!"

மாயமந்திரம் ஒன்றுமில்லை. இருபது டாலர் கட்டினால் பென்சில்வேனியா அரசாங்கமே வாக்காளர் பட்டியலைத் தந்துவிடும். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது அதில் இருக்காது. ஆனால் எந்தக் கட்சிக்காரராகப் பதிவு செய்திருக்கிறீர்கள், எந்தத் தேர்தலில் வந்தீர்கள், எதற்கு வரவில்லை என்பதெல்லாம் இருக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு கட்சிகள் இரண்டே வேலை செய்கின்றன. மதில்மேல் பூனைகளைத் தம் பக்கம் குதிக்க வைப்பது ஒன்று. தங்கள் ஆள்தான், ஆனால் சோம்பேறி என்றால், கிளப்பிக்கொண்டு போவது இன்னொன்று.

பெரியவர் 2008லும் 2012லும் ஒபாமாவுக்குப் போட்டாராம். 2016ல் ட்ரம்ப், 2020ல் பைடன். அவருடைய நார்தாம்ப்டன் கவுன்டியும் அச்சாக அதே மாதிரிதான் மாறி மாறிப் போட்டிருக்கிறது. "இந்தத் தடவை யாருக்கு?" என்றேன். "அதைச் சொல்லிட்டா அப்புறம் யார் என் வீட்டுக்கு வருவாங்க?" என்றார்.

அவருக்கு ஏன் இந்த மவுசு? மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 கிடைத்தால் ஜனாதிபதி. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அத்தனை தேர்வாளர்களும் ஜெயித்தவருக்கே. பென்சில்வேனியாவின் 19 பேரை 2024ல் யார் வேண்டுமானாலும் அள்ளலாம் என்ற நிலைமை. அங்கே 2016ல் ட்ரம்ப் ஜெயித்தது சுமார் 44,000 ஓட்டில். 2020ல் பைடன் ஜெயித்தது சுமார் 80,000 ஓட்டில். நியூஜெர்ஸியிலும் 14 பேர் உண்டு. ஆனால் 1992 முதல் அத்தனையும் ஜனநாயகக் கட்சிக்கே. ஒரு கட்சிக்கு அங்கே செலவழிப்பது தண்டம், இன்னொரு கட்சிக்கு அநாவசியம்.

பாலத்தைத் தாண்டி ஃபிலிப்ஸ்பர்க் போனேன். துணி துவைக்கும் கடையில் ஓர் அம்மாளிடம், "யாராவது ஓட்டுக் கேட்டு வந்தாங்களா?" என்று விசாரித்தேன். சிரித்தார். "எனக்கும் அதே முட்டை விலைதான், அதே வாடகைதான். என்னை எதுக்குக் கேட்கணும்? நான் தப்பான கரையிலே குடியிருக்கேனே" என்றார்.

விலாசத்தின் மகிமை இன்னும் நன்றாகத் தெரிய வேண்டுமானால் ஈஸ்டனிலிருந்து அரை மணியில் ஆலன்டவுன் போகவேண்டும். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் நிறைந்த ஊர். அக்டோபர் 27ம் தேதி நியூயார்க்கில் ட்ரம்ப் கூட்டத்தில் ஒரு காமெடியன் போர்ட்டோ ரிக்கோவை மிதக்கும் குப்பைத் தீவு என்று கிண்டலடித்திருந்தார். 29ம் தேதி ஆலன்டவுனில் ட்ரம்ப். நவம்பர் 4ம் தேதி அதே ஊரில் கமலா ஹாரிஸ். போர்ட்டோ ரிக்கோ ஜனங்கள் 1917 முதல் அமெரிக்கப் பிரஜைகள். ஆனால் தீவில் குடியிருக்கும்வரை ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு கிடையாது. அதே ஆள் ப்ளேன் ஏறி நியூஜெர்ஸியில் குடியேறினால் ஓட்டு உண்டு, மவுசு இல்லை. ஆலன்டவுனில் குடியேறினால் இரண்டு கட்சியும் வாசலில்!

"சிட்டிசன்ஷிப் மட்டும் வரட்டும் சார், இந்தக் கரையிலே வீடு பார்த்துடறேன்" என்றார் நண்பர்.

முடிவு தெரிந்ததுதான். இழுபறி என்று சொல்லப்பட்ட ஏழு மாநிலங்களிலும் ட்ரம்ப் ஜெயித்தார். பென்சில்வேனியாவில் வித்தியாசம் சுமார் 1,20,000. நார்தாம்ப்டன் கவுன்டி வழக்கம்போல ஜெயித்தவர் பக்கம்.

நான் வேறொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதவு தேயத் தட்டிய பென்சில்வேனியா, 2020க்கும் 2024க்கும் நடுவில் ட்ரம்ப் பக்கம் நகர்ந்தது சுமார் மூன்று சதவிகிதம். யாரும் தட்டாத நியூஜெர்ஸியில் ஜனநாயகக் கட்சியின் முன்னிலை சுமார் 16 சதவிகிதத்திலிருந்து ஆறாக இறங்கியிருந்தது. பத்து சதவிகித நகர்வு! இருந்தும் 14 தேர்வாளர்களும் பழையபடி அந்தக் கட்சிக்கே போனார்கள்.

சரி, நியூஜெர்ஸி கட்சி மாறிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஒரே வருஷம் கழித்து, 2025 நவம்பர் கவர்னர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மைக்கி ஷெரில் பத்து சதவிகிதத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 'அது நம்ம ஊரு, எங்கே போயிடும்' என்று ஒரு கட்சியும், 'அது அவங்க ஊரு' என்று இன்னொரு கட்சியும் ஒதுக்கிவைத்த ஜனங்கள், விலைவாசியைப் பார்த்துப் போகிறார்கள், வருகிறார்கள். நாலு வருஷத்துக்கு ஒரு முறை வரும் அந்தப் பெரிய தேர்தல் கணக்கில்தான் அவர்கள் போனதும் தெரிவதில்லை, வந்ததும் தெரிவதில்லை.