மாடியறையில் கேட்ட கேள்வி

சென்ற ரமலானில் ஒரு நாள் நோன்பு திறந்தபின், எங்கள் மாடியறையில் வாடகைக்கு இருக்கும் இளைஞர் கைப்பேசியை நீட்டினார். இடிந்த வீடுகள், அழும் குழந்தைகள். “அங்கே நம் மக்கள் சாகிறார்கள் மாமா. நாம் இங்கே நைட் ஷிப்டில் உதிரிபாகம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். போய்ச் சேர்ந்தவர்கள் செய்தது தவறா?” என்றார். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தவர். “இதையெல்லாம் பார்க்காதே, போலீஸ் வரும்” என்று அதட்டினோம். அவர் பேசாமல் மாடியேறிவிட்டார். அன்றிரவு வல்லக்கோட்டையில் எங்களுக்கு உறக்கம் வரவில்லை. அவர் கேட்டது மார்க்கக் கேள்வி. நாங்கள் தந்தது அச்சத்தின் பதில்.

உண்மையான பதில் நம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. 2014 மே மாதம் மும்பையை அடுத்த கல்யாணிலிருந்து நான்கு இளைஞர்கள், ஸியாரத் செல்லும் குழுவோடு ஈராக் சென்று காணாமற்போயினர். அவ்வாண்டு நவம்பரில் ஒருவர் மட்டும் திரும்பினார். போர்வீரராகப் போனவரைக் கழிப்பறை கழுவவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தார்கள் என்று அவர் விசாரணையில் கூறியதாகச் செய்திகள் வந்தன. இன்னொருவர் 2015-இல் உம்ரா செல்வதாக வீட்டில் சொல்லிவிட்டுச் சென்னையிலிருந்து விமானமேறி, துருக்கி வழியாக மோசூல் சேர்ந்தார். சில மாதங்களில் திரும்பி, 2016 அக்டோபரில் கடையநல்லூரில் கைதானார். 2020 செப்டம்பரில் எர்ணாகுளம் என்.ஐ.ஏ. நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இரு பயணங்களும் புனிதப் பயணத்தின் பெயரால் தொடங்கியதைக் கவனியுங்கள். வீட்டாரிடம் உண்மை சொல்ல முடியாத காரியம் எப்படி இபாதத் ஆகும்? ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்றுதான் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஆம் என்றதும், அவர்களுக்காகவே பாடுபடுமாறு திருப்பியனுப்பினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி.

அந்த அமைப்பு யாரைக் காத்தது? 2014 ஜூனில் மோசூலில் அது பிடித்துச்சென்ற 39 இந்தியத் தொழிலாளர்கள், ஒரகடத்துப் பிள்ளைகளைப் போலப் பிழைப்புக்காக ஊர்விட்டுப் போனவர்கள். கொல்லப்பட்டார்கள் என்பது 2018 மார்ச்சில்தான் உறுதியானது. 2014 ரமலானில் மோசூலின் அந்-நூரி பள்ளிவாசல் மிம்பரில் நின்று தம்மைக் கலீஃபா என்றார் அதன் தலைவர். 2017 ரமலானின் கடைசிப் பத்தில் அதே பள்ளிவாசலை அவர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2014 செப்டம்பரிலேயே உலகெங்குமுள்ள 120-க்கும் மேற்பட்ட மார்க்க அறிஞர்கள் திறந்த மடல் எழுதி அவர்களை மறுத்திருந்தனர். அம்மடலை நாம் எத்தனை ஜும்ஆ உரைகளில் கேட்டோம்?

அடுத்த ஞாயிறு நோன்புக் கஞ்சியோடு மாடியேறினோம். முதலில் அதட்டியதற்கு வருத்தம் தெரிவித்தோம். பிறகு இவற்றையெல்லாம் சொன்னோம். “அப்படியானால் அந்தக் குழந்தைகளுக்கு நாம் என்னதான் செய்வது?” என்றார். அந்தத் துயரம் ஈமானின் அடையாளம். அதை அணைக்கக் கூடாது. துஆ, ஸதகா, சட்டத்துக்குட்பட்ட நிவாரண உதவி, அநீதியை அநீதி என்று வாய்திறந்து சொல்லும் துணிவு ஆகியவை நம்மிடம் இருக்கின்றன. இவை சிறியவை என்று அவர் முகம் சொன்னது. நாங்கள் மறுக்கவில்லை.

சற்று நேரம் கழித்து, “அத்தாவிடம் பேசி மூன்று வாரமாகிறது” என்று கைப்பேசியை எடுத்தார். நாங்கள் கீழே இறங்கினோம்.

தனித்திருக்கும் பிள்ளையின் கேள்விக்கு நாம் பதில் சொல்லாவிட்டால், கைப்பேசியில் வேறொருவர் சொல்லிவிடுவார். அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக.