நோனிச் சாறும் பெரியத்தாவின் மாத்திரைகளும்

நீரிழிவுக்காரர் இருக்கும் வீட்டிற்கு நலம் விசாரிக்க வருவோர் நம் ஊர்களில் வெறுங்கையோடு வருவதில்லை. வெந்தயப் பொடி, ஆவாரம்பூ, கருஞ்சீரகம், பாகற்காய்ச் சாறு என்று ஆளுக்கொரு கைமருந்தும் உடன் வரும். அவற்றுள் பெரும்பாலானவை அடுக்களை அலமாரியில் கிடந்து காலாவதியாகும், யாருக்கும் தீங்கில்லை. சில ஆண்டுகளாக அந்த வரிசையில் விலை கூடிய ஒரு கறுத்த புட்டியும் சேர்ந்திருக்கிறது. அதுதான் நோனிச் சாறு. இது அலமாரியில் கிடப்பதில்லை. விலை கொடுத்து வாங்கியதால் குடித்தே தீர்க்கிறார்கள்.

நோனி நமக்கு முற்றிலும் அந்நியமான மரமன்று. புறம்போக்கு நிலங்களிலும் வயல் வரப்புகளிலும் நாம் காணும் நுணாவுக்கு, அதாவது மஞ்சணத்திக்கு, மிக நெருங்கிய உறவு. இந்தோனேசியாவில் மெங்குடு என்றும் தாஹித்தியில் நோனோ என்றும் ஹவாயில் நோனி என்றும் அழைக்கிறார்கள். பழுத்த கனியின் நாற்றத்தைக் கெட்டுப்போன பாலாடைக்கட்டிக்கு ஒப்பிடுவார்கள். பசிபிக் தீவு மக்கள் அதைப் பெரும்பாலும் பஞ்ச காலத்தில்தான் உண்டனர். இலையையும் காயையும் வைத்தியத்திற்குப் பயன்படுத்தினர். அந்த நாற்றம் மறையத் திராட்சை முதலிய பழச்சாறுகளைக் கலந்து, 1996இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிறுவனமொன்று உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடைகளில் அல்லாமல், ஒருவர் மற்றொருவரைச் சேர்க்கும் சங்கிலி முறையில் விற்றது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், ஆதாரமற்ற மருத்துவக் கூற்றுகளைச் சொன்னதாக அந்நாட்டின் நான்கு மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் அதன்மீது நடவடிக்கை எடுத்தார்கள். நோனியின் அற்புதத்திற்குக் காரணம் என்று சொல்லப்பட்ட ‘ஸீரோனின்’ என்னும் பொருள் உண்மையில் இருப்பதாக இன்றுவரை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. வழக்கு அங்கே முடிந்தது. கதை மட்டும் கடல் கடந்து நம் தெருவரை வந்துவிட்டது.

எங்கள் பெரியத்தாவிடம் அது அவருடைய மருமகன் வழியாக வந்தது. பெரியத்தா சபராளியாக நெடுங்காலம் உழைத்து ஊர் திரும்பியவர். பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. மாத்திரையும் மாலை நடையுமாகக் கட்டுக்குள் வைத்திருந்தார். சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருந்ததால், சிறுநீரகத்தைக் காக்கவென்று இரத்த அழுத்த மாத்திரை ஒன்றையும் மருத்துவர் சேர்த்திருந்தார். மச்சான் அந்தச் சங்கிலியில் புதிதாகச் சேர்ந்தவர். நல்ல மனிதர், ஏமாற்றுக்காரர் அல்லர். தம் மேலாளர் சொன்னதை முழுதாக நம்பினார். முதலில் காலையும் மாலையும் முப்பது மில்லி. பிறகு, “உடம்பு கழிவுகளை வெளியேற்றுகிறது, அளவைக் கூட்டுங்கள்” என்று மேலிருந்து ஆலோசனை வந்தது. அதற்கும் பிறகு, மாத்திரைகள் சாற்றின் வேலையைக் கெடுக்கின்றன என்றார்கள்.

நான் ஊருக்குப் போயிருந்தபோது மாத்திரைப் பெட்டி ஜன்னலோரம் தூசி படிந்து கிடந்தது. கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “மருமகன் கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல முடியுமா, தம்பி?” என்றார். இந்த வணிகம் நம்மிடையே ஏன் இவ்வளவு வேரூன்றியது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கடைக்காரரிடம் வேண்டாமென்று சொல்லலாம். சம்பந்தி வீட்டிலும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் ஸலாம் சொல்லி அமர்பவரிடமும் எப்படிச் சொல்வது? அவரும் மருந்து தேடுவதை வலியுறுத்தும் நபிமொழிகளை முன்வைத்தே பேச்சைத் தொடங்குகிறார். மாத்திரையும் தேடிக் கிடைத்த மருந்துதானே என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

சாற்றின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். எந்தப் பழச்சாறாயினும் நாரை இழந்த சர்க்கரை நீர் விரைவாக இரத்தத்தில் ஏறும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்தால், அரைக் கோப்பை பழச்சாறு கொடுக்கச் சொல்வது அதனால்தான். இறங்கிய சர்க்கரையை ஏற்றக் கொடுக்கும் பொருளையே, ஏறிய சர்க்கரையை இறக்கவும் கொடுப்பது என்ன நியாயம்? 1,87,382 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், முழுப் பழங்களை, குறிப்பாக அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை உண்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாற்றை மிகுதியாக அருந்தியவர்களிடம் கூடுதலாகவும் காணப்பட்டது.

அடுத்தது பொட்டாசியம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நோயாளியின் வரலாற்றை வெளியிட்டனர். சிறுநீரகம் பழுதுற்றிருந்த அவர் உணவில் பத்தியம் தவறவில்லை என்றார். ஆயினும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அவர் குடித்தது நோனிச் சாறு. சோதித்ததில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.2 கிராம் பொட்டாசியம் இருந்தது. ஆரஞ்சு, தக்காளிச் சாறுகளுக்கு இணையான அளவு. நலமுள்ளவருக்கு இது ஒரு பொருட்டன்று. முப்பது மில்லியும் பெரிதன்று. அளவைக் கூட்டச் சொல்வதும், கேட்பவர் சிறுநீரகம் தளர்ந்த நீரிழிவுக்காரராக இருப்பதும்தான் சிக்கல். சிறுநீரகத்தைக் காக்கத் தரும் அதே அழுத்த மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தை உடலில் தேக்குபவை. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கறுத்த புட்டியின் மீது இது எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மூலிகை என்றால் எனக்கு இளக்காரம் என்று எண்ண வேண்டாம். இன்று உலகம் முழுவதும் முதலில் எழுதித்தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகமே ஐரோப்பாவின் ஒரு செடிதான். அதன் பொருளைப் பிரித்து, நஞ்சை விலக்கி, 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மனிதரிடம் கண்ட பலனை வெளியிடும்வரை அது வெறும் நம்பிக்கையாகவே இருந்தது. நோனி அந்தத் தேர்வை இன்னும் எழுதி முடிக்கவில்லை. நம் நாட்டிலோ, நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுத்திருக்கிறது. விற்பவர்கள் அதை அறிவார்கள். ஆகவே புட்டியில் ‘துணை உணவு’ என்று அச்சிட்டுவிட்டு, ‘குணமாகும்’ என்ற சொல்லை மருமகன்களின் வாயில் வைக்கிறார்கள்.

பெரியத்தாவுக்கு நான்கு மாதங்களில் தாகமும் இரவில் பலமுறை எழுந்து போவதும் கூடின. அதையும் கழிவு வெளியேறுவதன் அடையாளம் என்றே விளக்கினார்கள். செருப்பு கடித்த புண் ஆறவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.2இலிருந்து 11.4ஆகியிருந்தது, பொட்டாசியமும் எல்லை தாண்டியிருந்தது. வலக்காலின் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் பரவாமல் நின்றது அல்லாஹ்வின் அருள்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. மச்சான்தான் இப்போது மாதந்தோறும் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறார். காத்திருக்கும் கூடத்தில் தலைகுனிந்து அமர்ந்திருப்பார். காலையும் இரவும் பெரியம்மா இன்சுலின் ஊசி போடுகிறார். ஆசைக்குக் கொய்யாப்பழம் பாதி உண்டு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. விற்காத பதினொரு புட்டிகள் மச்சான் வீட்டுக் கட்டிலடியில் இருக்கின்றன. திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு கடந்துவிட்டது என்று மேலிருந்து பதில் வந்ததாம்.