குதிரையின் உயரம்

மகளின் இடது கை விரல் நுனிகளில் கொப்புளம் வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. பதினாறு வயதில் அவளாகத் தேர்ந்தெடுத்த வாத்தியம் டபுள் பாஸ். நிறுத்தி வைத்தால் ஆறடி இருக்கும், அவளைவிட உயரம். வயலினில் அதிர்கிற தந்தியின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர் என்றால், இதில் ஏறத்தாழ 105. தந்திகளும் தடிமன். அழுத்திப் பிடிக்க விரல் மட்டும் போதாது, தோளும் முதுகும் சேர்ந்து வர வேண்டும். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்று சொல்லி விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

பழகவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் இன்னும் மோசமானது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். அவள் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். "மேடம், பொண்ணுங்க கைக்கு இது கொஞ்சம் கஷ்டம். செல்லோவுக்கு மாத்திடலாமே" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தத் தலையாட்டல் இன்றைக்கும் உறுத்துகிறது. பெண்ணுடலைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள், வகுப்பில் பெண்ணெழுத்து நடத்துகிறவள். என் மகளின் கை போதாது என்று ஒருவர் சொன்னதும் நான் அவள் கையைத்தான் பார்த்தேன். வாத்தியத்தைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் வேறொருவர். பெங்களூரிலிருந்து இரண்டு நாள் பயிற்சி நடத்த வந்திருந்த டபுள் பாஸ் கலைஞர். ஐம்பதைத் தாண்டிய பெண், என் மகளைவிடக் குள்ளம். மகள் வாசிப்பதை ஒரு நிமிடம் கேட்டார். பிறகு பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து, விரல்பலகையின் முனைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். மெல்லிய ஜி தந்தியில் 10 மில்லிமீட்டர், தடித்த ஈ தந்தியில் 14. "இதை நான் வாசிச்சாலும் எனக்குக் கை வலிக்கும்" என்றார்.

தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டை நம் வித்துவான்கள் குதிரை என்பார்கள். டபுள் பாஸின் குதிரையை ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. ஈரக் காற்றில் வாத்தியத்தின் முன்பலகை உப்பிக் குதிரையை மேலே தள்ளும், தந்தி உயரும். வறண்ட காலத்தில் பலகை சுருங்கும், தந்தி இறங்கும். மழைக்காலத்தில் அவள் கை ஏன் கூடுதலாக வலித்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. முன்பெல்லாம் உயரத்தைக் குறைக்கக் குதிரையைச் செதுக்குவார்கள். செதுக்கியதை மறுபடி வளர்க்க முடியாது. அதனால் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு குதிரை வைத்திருப்பவர்களும் உண்டு. இன்னொரு வழி, குதிரையின் இரண்டு கால்களிலும் மறையுள்ள தண்டும் சிறு சக்கரமும் பொருத்துவது. சக்கரத்தைத் திருகினால் குதிரை ஏறும், இறங்கும்.

மகளின் வாத்தியத்தில் அந்தச் சக்கரங்கள் இருந்தன. வாங்கிய நாளிலிருந்தே இருந்தன. காசு அளவில் இரண்டு அலுமினிய வட்டங்கள். "அது அலங்காரம்னு நெனச்சேம்மா" என்றாள். திருகலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. "தொடாதே" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கலைஞர் தானே திருகிக் கொடுக்கவில்லை, அவளைத் திருகச் செய்தார். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். முழுவதும் தளர்த்தினால் குதிரை சாயும், உள்ளே அழுத்தத்தில் மட்டுமே நிற்கும் சிறு மரத்தூண் விழுந்துவிடும். இரண்டு சக்கரத்தையும் மாறிமாறிச் சிறிதாகத் திருக வேண்டும். குதிரை நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்க்க வேண்டும். பிறகு சுருதி. ஜி தந்தி 6 மில்லிமீட்டருக்கும் ஈ தந்தி 9க்கும் வந்தன. மகள் வாசித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. "ஆறு மாசமா என் கைதான் மோசம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

இந்தச் சக்கரங்கள் நாதத்தை மழுக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத நாளில், நரம்புத் தந்தியை உயரக் கட்டி ஓங்கி மீட்டினால்தான் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும். அதற்கு அன்று காரணம் இருந்தது. காரணம் போன பிறகும் அளவு மட்டும் தங்கிவிடுகிறது, அதற்குத் தகுதி என்று பெயரும் கிடைத்துவிடுகிறது. ஓரின் ஓ பிரையன் 1966இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கில் சேர்ந்தபோது அந்தக் குழுவிலிருந்த ஒரே பெண் அவர். வாசித்தது டபுள் பாஸ். ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாசித்து 2021இல் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றிய ஆவணப்படத்தை மகளும் நானும் சேர்ந்து பார்த்தோம். பெண் கைக்கு ஆகாது என்ற பேச்சுக்கு அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை.

குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஒரு வாரம் கழித்து மகள் இன்னும் இறக்கிப் பார்த்தாள். வில்லைப் போட்டு இழுத்ததும் தந்தி பலகையில் மோதி இரைந்தது. மறுபடி அரைச் சுற்று ஏற்றினாள். வில்லுக்கு ஒரு உயரம், விரலால் மீட்ட ஒரு உயரம், மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. இப்போது அவளிடம் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. தேதியும் மில்லிமீட்டரும் எழுதி வைக்கிறாள். வலி இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் எது பயிற்சியின் வலி, எது உயரத்தின் வலி என்று அவளுக்குத் தெரிகிறது.

எனக்கு உயரம் நான்கடி பதினொரு அங்குலம். இருபது ஆண்டுகளாகக் கருத்தரங்குகளில், கவியரங்குகளில் எனக்கு முன் பேசிய ஆணின் உயரத்தில் நிற்கும் மைக்கை அண்ணாந்து பார்த்தே பேசியிருக்கிறேன். முடிந்ததும் கழுத்து வலிக்கும். குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பார்கள். மென்மையான குரல் என்று பாராட்டியவர்களும் உண்டு.

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் கவிதை வாசிக்க அழைத்திருந்தார்கள். மேடையேறி, மைக் தாங்கியின் நடுவிலிருக்கும் திருகைத் தளர்த்தினேன். துருப்பிடித்த கம்பி 'கிறீச்' என்று அரங்கம் முழுக்கக் கத்தியது. "மேடம், விடுங்க, நான் பண்றேன்" என்று ஒரு தம்பி ஓடி வந்தார். "இருப்பா, எனக்குத் தெரியும்" என்றேன். என் வாய்க்கு நேராக வரும்வரை இறக்கித் திருகை முறுக்கினேன். அதுவரை எல்லோரும் காத்திருந்தார்கள்.