பத்து மெகாபிட்

நான் கேபிள் இழுக்கும் வேலை செய்கிறேன். பழைய கருவி குறுக்கே வந்தால் "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் யோசனை. கிள்ளானில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அங்கே கேட் 6 கேபிள் போட்டு முடித்திருந்தோம். மூலையில் ஒரு விண்டோஸ் 98 கணினி. பின்பக்கம் 10பேஸ்2 காலத்து வட்டமான பிஎன்சி முனை மட்டும். அச்சகக்கார ஐயா தொண்ணூறுகளிலிருந்து கோத்த கல்யாணப் பத்திரிகைகள், திருவிழா மலர்கள், இன்று இல்லாத தோட்டங்களின் பள்ளி மலர்கள் எல்லாம் அதற்குள்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் படி எடுக்கலாம் என்றேன்.

"இன்னும் அதுலதான் வேலை செய்றேன் தம்பி. திறக்காதீங்க."

இரண்டு கம்பிகளையும் நேராக ஒட்ட முடியாது. பழையது நடுவில் ஒற்றைச் செம்புக்கம்பி ஓடும் 50 ஓம் கோஆக்சியல். புதியது முறுக்கிய நான்கு ஜோடிகள், 100 ஓம். நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். பழைய சாமான் கடையில் கிடைத்தது: எட்டு ஆர்ஜே45 துளைகளோடு ஒரு பிஎன்சி முனையும் உள்ள ஹப். கோஆக்சியலின் இரு கோடியிலும் டி இணைப்பும் 50 ஓம் டெர்மினேட்டரும் மாட்டினேன். ஒன்று இல்லாவிட்டாலும் சமிக்ஞை கோடியில் முட்டித் திரும்பிவந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஹப்பிலிருந்து கேட் 6 வழியாகப் புதிய சுவிட்சுக்கு. 1000 மெகாபிட் ஓடக்கூடிய துளை, எதிரே வரும் துடிப்பைக் கேட்டுவிட்டு, தானாகவே 10 மெகாபிட்டுக்கும் அரை டூப்ளெக்ஸுக்கும் இறங்கிக்கொண்டது. பழையதற்கு வேகமாகப் பேசத் தெரியாது. புதியதுதான் மெதுவாகப் பேசக் கற்றிருக்க வேண்டும். இப்போது வரும் சில 10 கிகாபிட் சுவிட்சுகளுக்கு அந்த மெதுவும் தெரியாது.

கம்பி சேர்ந்தும் வேலை முடியவில்லை. புதிய விண்டோஸ் பழைய கோப்புப் பகிர்வை ஏற்கவில்லை. எஃப்டிபி வழியாக எடுத்தோம். திறந்தால் தமிழே இல்லை, ஒரே கிறுக்கல். யூனிகோட் பரவுவதற்கு முந்தைய எழுத்துரு, அதற்கென்று தனிக் குறியேற்றம். அந்த எழுத்துருவையும் கொண்டுவந்து போட்ட பிறகு, ஒரு தோட்டப்பள்ளி மலரின் ஆறாம் ஆண்டு மாணவர் பட்டியல் திரையில் வந்தது. ஐயா பெயர்களை விரல் வைத்து வாசித்தார்.

கணினியோ ஹப்போ ஒருநாள் நின்றுவிடும். அதற்குள் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். 1996 வரை வந்திருக்கிறோம்.