உறுமுகிற சாணை

இட்லி மாவு அரைக்கிற கிரைண்டர் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது உளிக்குச் சாணை பிடிக்கிற பெஞ்ச் கிரைண்டர். நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல். அவ்வளவுதான் மிஷின்.

அம்பாசமுத்திரம் பக்கம் சொப்பு சாமான் செய்கிற சின்னக் கடைசல் பட்டறை. மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கூடமாட ஒத்தாசைக்கு அக்கா மகன், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறவன். நவராத்திரிக்கு முன்னால் முடிக்க வேண்டிய ஆர்டர் கையில் இருக்கிறது. கடைசல்காரருக்கு உளி மழுங்கினால் மரம் வழவழவென்று வராது, பிய்யும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சாணைக்குப் போக வேண்டும்.

அந்தச் சாணைதான் படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று உறுமும், சுற்றாது. மாமா அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டுவிட்டு, கல்லை விரலால் ஒரு சுண்டு சுண்டிக் கையை எடுத்துவிடுவார். ஓடிவிடும். இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

"மாமா, ரிப்பேர் பண்ணிருவோம்."

"ஓடுதுல்லா... பொறவு என்னலே?"

ஒரு நாள் காலை அவசரத்தில் சுண்டியது எதிர்ப்பக்கம் போய்விட்டது. மிஷினும் சமர்த்தாக எதிர்ப்பக்கமே ஓடியது. மாமா கவனிக்காமல் உளியை வைத்தார். எப்போதும் கீழே போகிற தீப்பொறி நேராக மேலே, முகத்துக்கு வந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தார். மருமகன் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான். கல் நின்றதும் பார்த்தால் வலதுபக்க நட்டு விரலால் கழற்றுகிற அளவுக்கு லூஸ். அந்த நட்டு கல் முறையாகச் சுற்றினால் இறுகும், எதிர்ப்பக்கம் சுற்றினால் கழலும். ஆறு அங்குலக் கல் நிமிடத்துக்கு 2800 சுற்று போனால் அதன் விளிம்பு வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கழன்று வந்திருந்தால்? மாமா அன்று டீ கூடக் குடிக்கவில்லை.

மதியம் மருமகன் மிஷினைப் பிரித்தான். உறுமுகிறது என்றால் கரண்ட் வருகிறது. கையால் தள்ளினால் ஓடுகிறது என்றால் ஓடுகிற சுருள் நன்றாக இருக்கிறது. அப்படியானால் சந்தேகம் கண்டென்சர் மேல். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தானாகத் தெரியாது. இரண்டாவது சுருளுக்குக் கரண்டைக் கொஞ்சம் முன்பின்னாகக் கொடுத்து அதற்கு வழி காட்டுவது கண்டென்சர். அது செத்துவிட்டால் மோட்டார் நின்ற இடத்தில் உறுமும். யார் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் போகும். (நம்மில் சிலர் டிகிரி சேர்ந்த கதை மாதிரி!)

அடித்தகட்டைக் கழற்றினால் கண்டென்சர் வயிறு உப்பிக் கிடந்தது. தொடுவதற்கு முன்னால் குண்டு பல்பு ஒயரை அதன் இரண்டு முனையிலும் வைத்து, மிச்சம் இருக்கும் சார்ஜை இறக்கினான். மீட்டரில் வைத்தால் எழுதியிருந்தது 10 மைக்ரோஃபேரட், காட்டியது பூஜ்யத்துக்குப் பக்கம். கடையில் ஃபேன் கண்டென்சரை எடுத்து நீட்டினார்கள். அது 2.5. "அதுவும் ஓடும் தம்பி" என்றார்களாம். ஓடுது என்கிற வார்த்தையே அன்று அவனுக்கு ஆகவில்லை. அதே 10, அதே 440 வோல்ட் கேட்டு வாங்கி வந்தான். நூறு ரூபாய்க்குள் முடிந்தது. புது மிஷின் பல ஆயிரம்.

மாட்டியதும் தானாகச் சுற்றியது. ஆனால் கரகரவென்று சத்தம், நிறுத்தினால் சட்டென்று நின்றது. பேரிங்கும் போயிருக்கிறது. கடைசல் மிஷினுக்குப் பக்கத்திலேயே சாணை இருந்ததால் மரத்தூள் கிரீஸோடு சேர்ந்து களிம்பாகிவிட்டது. இடதுபக்க நட்டோடு மாமா கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். அந்தப் பக்கம் மரை தலைகீழ், வலதுபக்கம் திருப்பினால்தான் கழலும். சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கழற்றிய கல்லை மறுபடி மாட்டும் முன், அதன் ஓட்டையில் குச்சியை விட்டுத் தொங்கவிட்டு உளிப் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும் என்றான் மருமகன். நல்ல கல் கணீர் என்னும். விரிசல் இருந்தால் சத்தம் அடைக்கும்.

"பானை வாங்கும்போது தட்டிப் பாக்க மாதிரியா?" என்று மாமாவே வாங்கித் தட்டினார். வலதுபக்கக் கல் கணீர். இடதுபக்கம் 'டொக்'. கண்ணுக்கு ஒரு கோடுகூடத் தெரியவில்லை. மாமா இன்னொரு தடவை தட்டிக் கேட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் அதைச் சுத்தியலால் இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டார். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதே!

தூசி புகாத புது பேரிங், புதுக் கல். உளி வைக்கிற தாங்கிக்கும் கல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்குள் இடைவெளி. மரத்தூளில் பொறி விழாமல் இருக்க மிஷினையே வெளித் திண்ணைக்கு மாற்றியாயிற்று.

மறுநாள் காலை மாமா சுவிட்சைப் போட்டார். கல் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவருடைய விரல் மட்டும் பழக்கத்தில் கல்லை நோக்கிப் போனது.

"மாமா... கை!"